புதிதாக ஆடுபவருக்கு எந்த டிரைவர்? என் வோட்டு பழைய பிங் ஜி400 மேக்ஸுக்கு

கோல்ஃப் ஆட ஆரம்பித்து ஐயன் கிளப்புகள் கொஞ்சம் கைக்குப் பழகியதும் அடுத்து எல்லோரும் தேடுவது, ஹோலின் தொடக்கத்தில் பந்தைத் தூரமாக அடிக்கிற மட்டையான டிரைவரைத்தான். பையில் இருப்பதிலேயே நீளமானது அது, பெரும்பாலும் விலை அதிகமானதும் அதுதான். சரியாகப் பட்டால் கிடைக்கிற சந்தோஷம் வேறு எந்த கிளப்பிலும் கிடைக்காது, சரியாகப் படாவிட்டால் பந்தைத் தேடி மரங்களுக்குள் போக வேண்டியதுதான். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: புதிதாக ஆடுபவர் இந்த வருடத்து மாடலை வாங்க வேண்டியதில்லை. நல்ல கம்பெனி சில வருடங்களுக்கு முன் விட்ட பெரிய ஹெட் டிரைவர், 10.5 டிகிரியோ அதற்கு மேலோ லாஃப்ட் (பந்தைத் தொடுகிற முகத்தின் பின்சாய்வு), உங்கள் வேகத்துக்கு ஏற்ற ஷாஃப்ட் (கைப்பிடியையும் ஹெட்டையும் இணைக்கிற தண்டு), இந்த மூன்றும் பொருந்தி செகண்ட் ஹேண்டில் நல்ல நிலையில் கிடைத்தால் யோசிக்காமல் எடுக்கலாம். நான் அப்படி எடுத்து ஆடிக்கொண்டிருப்பது 2018-இல் வந்த பிங் ஜி400 மேக்ஸ், 10.5 டிகிரி, ரெகுலர் ஃப்ளெக்ஸ் (ஷாஃப்ட் எவ்வளவு வளைந்துகொடுக்கும் என்பதுதான் ஃப்ளெக்ஸ்). யார் கேட்டாலும் முதலில் இதன் பெயரைத்தான் சொல்கிறேன், ஏன் என்பதை விரிவாக எழுதுகிறேன்.

பழைய மாடல் எப்படிப் போதும் என்று கேட்பவர்களுக்கு விதிப் புத்தகத்திலேயே பதில் இருக்கிறது. கோல்ஃப் விதிகளை எழுதுகிற ஆர் அண்ட் ஏ, யுஎஸ்ஜிஏ இரண்டும் டிரைவர் ஃபேஸ், அதாவது பந்தில் படுகிற முன்முகம், எவ்வளவு துள்ளலாம் என்பதற்கு ஓர் உச்ச வரம்பு வைத்திருக்கின்றன. 2004-இலிருந்து இதை ஒரு சின்ன பெண்டுலத்தை ஃபேஸில் மோதவிட்டு, அது எத்தனை மைக்ரோ செகண்ட் ஒட்டியிருக்கிறது என்று அளந்து பார்க்கிறார்கள். வரம்பு 239, அளவீட்டுச் சலுகை 18 சேர்த்து 257. பெரிய கம்பெனிகள் எல்லாம் இந்த வரம்பைத் தொட்டுக்கொண்டு ஃபேஸ் செய்ய ஆரம்பித்துப் பல வருடங்கள் ஆகின்றன. அப்படியென்றால், ஃபேஸின் நடுவில் பட்ட பந்து பழைய டிரைவரிலும் புது டிரைவரிலும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில்தான் கிளம்பும். பந்தின் வேகம் என்பது கிளப் ஹெட் வேகத்தைப் போல் சுமார் ஒன்றரை மடங்கு, நடுவில் பட்டால் அதுதான் கூரை. மணிக்கு 90 மைல் வேகத்தில் சுழற்றுபவருக்குப் பந்து 135 மைலில் போகும், விளம்பரத்தில் என்ன எழுதியிருந்தாலும் அதைத் தாண்டிப் பெரிதாக எதுவும் நடக்காது. ஹெட்டின் அளவுக்கும் அதே 2004-இல் 460 சி.சி. என்று வரம்பு வந்தது. காலவே 1991-இல் கொண்டுவந்த முதல் பிக் பெர்த்தா வெறும் 190 சி.சி., அதையே அன்று ராட்சச ஹெட் என்று பார்த்தார்கள். இன்று புதியவருக்கென்று செய்யப்படும் டிரைவர்கள் எல்லாமே ஏறத்தாழ 460-இல் வந்து நிற்கின்றன.

அப்புறம் கம்பெனிகள் வருடா வருடம் எதைத்தான் மாற்றுகின்றன? நடுவில் படாத அடிகளைத்தான். நமக்கு வேண்டியதும் அதுதான், ஏனென்றால் புதிதாக ஆடுபவரின் பெரும்பாலான அடிகள் நடுவில் படுவதில்லை. ஃபேஸின் ஓரத்தில் பந்து பட்டதும் ஹெட் திருகிக்கொள்ளும், அதில் வேகமும் போகும், திசையும் போகும். ஹெட் எவ்வளவு பிடிவாதமாகத் திருகாமல் நிற்கிறது என்பதைத்தான் எம்.ஓ.ஐ. என்ற எண்ணால் சொல்கிறார்கள். எடையை ஃபேஸை விட்டுத் தள்ளி, பின்னாலும் ஓரங்களிலும் வைத்தால் அந்த எண் கூடும். இப்போது விளம்பரங்களில் 10கே, 10,000 என்று பெரிய எழுத்தில் வருகிறதே, அது இரண்டு அச்சுகளின் எண்களைக் கூட்டிச் சொல்வது. இடவலமாகத் திருகுவதைத் தடுக்கிற அளவுக்கு மட்டும் விதியில் 5,900 என்று வரம்பு உண்டு, அதற்கு மேல் 100 சலுகை. மேலும் கீழுமான இன்னோர் அளவையும் சேர்த்துத்தான் 10,000-ஐத் தொடுகிறார்கள். பிங் ஜி430 மேக்ஸ் 10கே, டெய்லர்மேட் க்யூஐ10 மேக்ஸ் இரண்டும் 2024-இல் அந்தக் கணக்கைச் சொல்லித்தான் வந்தன. நல்ல டிரைவர்கள்தான், சந்தேகமே இல்லை. ஆனால் ஜி400 மேக்ஸ் 2018-லேயே அதற்கு வெகு அருகில் போய்விட்டது. நடுவில் இருக்கிற சின்ன வித்தியாசம் ஒரு புதியவரின் ஸ்கோர் கார்டில் தெரியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சரி, கிளப்புக்கு வருவோம். டீயில் (பந்தைத் தாங்குகிற சின்னக் குச்சி) பந்தை வைத்துவிட்டு ஹெட்டைப் பின்னால் வைத்துக் குனிந்து பார்த்தால் முதலில் கண்ணில் படுவது கிரவுனின், அதாவது ஹெட்டின் மேற்பரப்பின், முன் ஓரத்தில் இருக்கிற வரப்பு வரப்பான மேடுகள். பிங் அதை டர்புலேட்டர் என்கிறது, கீழே வரும்போது காற்றின் இழுவையைக் குறைக்கத்தான் வைத்திருக்கிறார்கள். மெதுவாகச் சுழற்றுகிற எனக்கு அந்தக் காற்றுக் கணக்கு எவ்வளவு உதவுகிறது என்பதைவிட, அந்த மேடுகளுக்கு நடுவில் பந்தை வைத்துக் குறி பார்ப்பது எவ்வளவு சுலபம் என்பதுதான் முக்கியமாகப் பட்டது. மேட் கறுப்பு என்பதால் வெயிலில் கண்ணைக் கூசாது. பின்பக்கம் அடியில் டங்ஸ்டன் எடை ஒன்று பதிந்திருக்கிறது, எம்.ஓ.ஐ.யின் ரகசியம் பெரும்பாலும் அதில்தான். கையில் எடுத்து ஷாஃப்டை விரலில் நிறுத்திப் பார்த்தால், கூட வந்த ஆல்டா சிபி 55 ஷாஃப்டில் எடை கிரிப் பக்கமாகக் கொஞ்சம் தள்ளி வைக்கப்பட்டிருப்பது தெரியும். அதனால்தான் ஹெட்டில் எடை இருந்தும் சுழற்றும்போது பாரமாக இல்லை.

அடித்துப் பார்த்ததைச் சொல்கிறேன். ஃபேஸில் பந்து எங்கே படுகிறது என்று பார்க்க, பாதத்துக்கு அடிக்கிற பவுடர் ஸ்ப்ரேயை லேசாக அடித்துவிட்டு ஆடுவது என் வழக்கம், ஒவ்வொரு அடிக்கும் பந்தின் குழிகள் அச்சாக வட்டம் போல் பதியும். என் வட்டங்கள் நடுவை விட்டு ஹீல் பக்கமாகவும் (ஷாஃப்ட் சேர்கிற ஓரம்) கொஞ்சம் கீழாகவும் கூட்டமாக விழும். முன்பு பழகிய, செட்டோடு வந்த டிரைவரில் அந்த இடத்தில் பட்டால் கை முழுக்க ஜிவ்வென்று அதிரும், பந்து இடப்பக்கம் கிளம்பி வலப்பக்கமாக வளைந்து பக்கத்து ஹோலின் புல்வெளிக்கு, அதாவது ஃபேர்வேக்குப் போய்விடும். ஜி400 மேக்ஸில் அதே இடத்தில் பட்ட பந்து வளையாமல் போகவில்லை, வளைகிறது, ஆனால் புல்வெளியின் ஓரத்தோடு நின்றுவிடுகிறது. நீளமும் கொஞ்சம்தான் குறைகிறது. நல்ல அடி எவ்வளவு தூரம் போகிறது என்பதைப் பார்த்து டிரைவர் வாங்காதீர்கள், மோசமான அடி எங்கே போய் விழுகிறது என்பதைப் பார்த்து வாங்குங்கள் என்று நான் விடாமல் சொல்வது இதனால்தான். இரண்டு டிரைவர்களை ஒப்பிடும்போது பலர் இரண்டிலும் தங்கள் சிறந்த அடியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். கோர்ஸில் அந்த அடி எத்தனை முறை வரப்போகிறது?

லாஃப்ட் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் பேர் கோட்டை விடுவது இங்கேதான். டிவியில் ஆடுபவர்கள் 9 டிகிரி, அதற்கும் குறைவாக வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு அதே எண்ணைத் தேடுவார்கள். அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடரான பிஜிஏ டூரில் சராசரி கிளப் வேகம் மணிக்கு 110 மைலுக்கு மேல். அந்த வேகத்தில் அடிப்பவர்களுக்குப் பந்து ரொம்ப உயரமாகவும் ரொம்பச் சுழற்சியோடும் போவதுதான் பிரச்சினை. நமக்கு நேர்மாறு. வேகம் குறைவாக இருக்கும்போது லாஃப்டும் குறைந்தால் பந்து தாழ்வாகக் கிளம்பி, காற்றில் நிற்கப் போதுமான சுழற்சி இல்லாமல் சீக்கிரம் விழுந்துவிடும். 85 மைல், 90 மைல் வேகத்தில் இருப்பவர் 10.5-க்குக் கீழே போகவே வேண்டாம், 12 டிகிரி கிடைத்தால் இன்னும் நல்லது. இன்னொரு லாபமும் உண்டு: லாஃப்ட் கூடினால் பின் சுழற்சி கூடும், பக்கவாட்டு வளைவு அந்த அளவுக்கு அடங்கும். பையில் இருக்கிற த்ரீ வுட் (டிரைவருக்கு அடுத்த நீளமான கிளப்) டிரைவரைவிட நேராகப் போவதற்கு அதன் கூடுதல் லாஃப்டும் குட்டை ஷாஃப்டும்தான் காரணம். ஹெட்டில் பொறித்திருக்கிற எண்ணும் உண்மையான லாஃப்டும் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம் என்பதையும் மனதில் வையுங்கள், தயாரிப்பில் அது சகஜம்.

ஜி400 மேக்ஸில் 9, 10.5 இரண்டு ஹெட்தான் வந்தது. 10.5-ஐ எடுத்து ஹோசலை (ஹெட்டும் ஷாஃப்டும் சேர்கிற பகுதி) திருப்பி ஒரு டிகிரி கூட்டிக்கொள்ளலாம். திறவுகோலைப் போட்டு முடுக்கும்போது டக்கென்று ஒரு சத்தம் வரும், அதற்கு மேல் முடுக்கக் கூடாது. இப்படி லாஃப்டைக் கூட்டும்போது ஃபேஸ் கொஞ்சம் இடப்பக்கமாக மூடிக்கொள்ளும், குறைத்தால் திறந்துகொள்ளும். வலக்கை ஆட்டக்காரருக்கு ஸ்லைஸ், அதாவது பந்து வலப்பக்கமாக வளைந்து போவது, இருந்தால் லாஃப்ட் கூட்டுவது இரண்டு வகையிலும் உதவும். "எனக்கு ஸ்லைஸ் வருகிறது, அதனால் லாஃப்டைக் குறைத்தேன்" என்று யாராவது சொன்னால் உடனே திருப்பி வைக்கச் சொல்லுங்கள்.

ஷாஃப்டில் ஆர் (ரெகுலர்), எஸ் (ஸ்டிஃப், விறைப்பானது), எக்ஸ் (இன்னும் விறைப்பானது) என்றெல்லாம் எழுத்துகள் இருக்கும். எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான அளவுகோல் எதுவும் இல்லை, ஒருவருடைய ரெகுலர் இன்னொருவருடைய ஸ்டிஃப் போலவே இருக்கலாம். மேலோட்டமான கணக்காக 95 மைலுக்குக் கீழே ரெகுலர், 85-க்கும் கீழே என்றால் இன்னும் மென்மையானது என்று தொடங்கலாம். ஆண் என்பதால் ஸ்டிஃப், பெண் என்பதால் லேடீஸ் ஃப்ளெக்ஸ் என்று கடைக்காரர் எடுத்துக் கொடுத்தால் தயவுசெய்து அப்படியே வாங்கிக்கொள்ளாதீர்கள். வேகமாகச் சுழற்றுகிற பெண்களும் உண்டு, மெதுவாகச் சுழற்றுகிற ஆண்கள் நிறையவே உண்டு, கிளப்புக்கு வேகம் மட்டும்தான் தெரியும். எடையும் பாருங்கள். டிரைவர் ஷாஃப்டுகள் 40 கிராம் சொச்சத்திலிருந்து 70 கிராம் வரை வரும். புதியவருக்கு 50 கிராமை ஒட்டியது வசதியாக இருக்கும். அதைவிட லேசானது சிலருக்கு வேகம் தரும், வேறு சிலருக்குக் கிளப் எங்கே இருக்கிறது என்றே கையில் தெரியாமல் போகும், அது அவரவர் அடித்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நீளம்தான் இந்த டிரைவரில் எனக்கு ஒப்பாத விஷயம். கடையில் வருகிற நீளம் 45.75 அங்குலம், இன்று விற்கிற பெரும்பாலான டிரைவர்களும் ஏறத்தாழ அதே அளவுதான். விதி 48 அங்குலம் வரை அனுமதிக்கிறது, போட்டிகளில் 46-ஆகக் குறைத்துக்கொள்ளலாம் என்று 2022-இல் ஒரு வழி வைத்தார்கள். ஆனால் தொழில்முறை ஆட்டக்காரர்களில் பலரே 45-ஐ ஒட்டித்தான் வைத்திருக்கிறார்கள். நாள் முழுக்கப் பயிற்சி செய்கிறவர்களுக்கே நீளம் குறைவாக இருந்தால்தான் நடுவில் படுகிறது என்றால், வார இறுதியில் மட்டும் ஆடுகிற நமக்கு ஏன் அவ்வளவு நீளம்? இதற்குச் செலவே இல்லாத வழி, கிரிப்பில் ஓர் அங்குலம் கீழே பிடிப்பது. நான் அப்படித்தான் பிடிக்கிறேன், என் வட்டங்கள் நடுவை நோக்கி நகர்ந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம். ஷாஃப்டை வெட்டுவதற்கு முன் இப்படிச் சில ரவுண்டு ஆடிப் பாருங்கள். வெட்டினால் ஹெட் லேசாகத் தோன்றும், ஷாஃப்டும் கொஞ்சம் விறைக்கும், அதை ஈடு செய்ய அடியில் ஈயப் பட்டை ஒட்ட வேண்டிவரும்.

ஸ்லைஸுக்காகவே செய்யப்பட்ட டிரைவர்கள் உண்டு, பந்தை இடப்பக்கமாக வளைக்க உதவுகிற அவற்றை டிரா பயஸ் என்பார்கள். ஹீல் பக்கம் எடையைக் கூட்டியிருப்பார்கள், ஃபேஸைக் கொஞ்சம் மூடி வைத்திருப்பார்கள், சிலவற்றில் ஷாஃப்டை விட ஃபேஸ் கொஞ்சம் பின்னால் தள்ளி இருக்கும். பிங்கில் எஸ்எஃப்டி என்று முடிகிற மாடல்கள், டெய்லர்மேட் எம்4 டி-டைப், சிம்2 மேக்ஸ் டி, காலவே ரோக் எஸ்டி மேக்ஸ் டி, வில்சன் லாஞ்ச் பேட் எல்லாம் இந்த வகை. பந்து எப்போதும் வலப்பக்கமே போகிறவர்களுக்கு இவை நிஜமாகவே உதவும், இதை எடுப்பதில் எந்தக் குறைச்சலும் இல்லை. ஆனால் முதலில் ஃபேஸில் எங்கே படுகிறது என்று பாருங்கள். ஹீலில் பட்டால் ஹெட் ஒரு பக்கம் திரும்ப, பந்து பல்சக்கரத்தோடு பல்சக்கரம் உருள்வது போல் எதிர்ப்பக்கம் சுழன்று வலப்பக்கம் வளையும். டோவில், அதாவது எதிர் ஓரத்தில் பட்டால் இடப்பக்கம் வளையும். ஸ்விங் ஓரளவு சரியாக இருந்தும் வெறும் ஹீல் அடியால் மட்டுமே ஸ்லைஸ் வாங்குகிறவர்களை பயிற்சி மைதானமான ரேஞ்சில் நிறையப் பார்க்கலாம். அவர்கள் பந்துக்கு அரை அங்குலம் தள்ளி நின்றாலே பாதி சரியாகிவிடும், கிளப் மாற்ற வேண்டியதே இல்லை. ஃபேஸ் நன்றாகத் திறந்தபடி வருகிறவருக்கோ எந்த டிரா டிரைவரும் முழு நிவாரணம் தராது, அங்கே ஒரு நல்ல பயிற்சியாளரிடம் சில வகுப்பு போவதுதான் சரி.

ஜி400 மேக்ஸ் கிடைக்காவிட்டால் வேறு எதைப் பார்ப்பது? 12 டிகிரி வேண்டுமென்றால் அதற்கு அடுத்து 2019-இல் வந்த ஜி410 பிளஸில் அந்த ஹெட் உண்டு, பின்னால் இருக்கிற எடையையும் மூன்று இடங்களில் மாற்றி வைக்கலாம். காலவேயில் மேவ்ரிக் மேக்ஸ், கோப்ராவில் எல்டிடிஎக்ஸ் மேக்ஸ் இரண்டிலும் எடையை ஹீல் பக்கம் மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறது, ஒரே கிளப்பில் இன்று டிரா, ஆட்டம் முன்னேறிய பிறகு நேர் என்று வைத்துக்கொள்ளலாம். கிளீவ்லாண்ட் லாஞ்சர் எச்பி டர்போவில் திருப்புகிற ஹோசலே கிடையாது. அதைக் குறையாக நினைக்காதீர்கள், திருப்புகிற பகுதிக்குப் போகிற எடை அதில் மிச்சம். என்ன, லாஃப்டை வாங்கும்போதே சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெரிய பெயர்களின் நிழலில் இருப்பதால் இந்த மாதிரி டிரைவர்கள் செகண்ட் ஹேண்டில் இன்னும் மலிவாகப் போகின்றன.

கேள்விப்படாத பெயரில் பளபளவென்று புத்தம் புதிதாக, மலிவாக வருகிற டிரைவர்கள் பற்றி என் கருத்து வேறு. ஒரு டிரைவர் ஹெட்டின் எடை சுமார் 200 கிராம். டைட்டானியம் எஃகைவிட மிகவும் லேசானது, வலுவும் உண்டு, அதனால் மெல்லிசாக ஃபேஸ் செய்து, மிச்சமாகிற எடையைப் பின்னால் கொண்டுபோய் வைக்க முடிகிறது. மலிவான உலோகக் கலவையில் அதே 460 சி.சி.க்கு ஊதி வைத்தால் உருவம் வரும், மெல்லிய ஃபேஸும் வராது, எடையைத் தள்ளி வைக்கவும் மிச்சம் இருக்காது. அதே பணத்துக்கு ஐந்தாறு வருடப் பழைய நல்ல டிரைவர் கிடைக்கும்போது இதை ஏன் எடுக்க வேண்டும்? துவக்கநிலை முழு செட்டோடு வருகிற டிரைவர் வேறு விஷயம். அது ஏற்கெனவே உங்களிடம் இருந்தால், பந்து டீயிலிருந்து ஒழுங்காகக் கிளம்புகிற வரை அதையே வைத்துப் பழகுங்கள், அவசரமே இல்லை. அப்புறம், விதிக்கு மேல் துள்ளும் ஃபேஸ் என்று சொல்லி விற்பவற்றை விட்டுவிடுங்கள், போட்டி எதிலும் எடுத்துப்போக முடியாது. ஆர் அண்ட் ஏ, யுஎஸ்ஜிஏ இரண்டும் அனுமதித்த டிரைவர் ஹெட்டுகளின் பட்டியலை வெளியிடுகின்றன, மாடல் பெயரையும் லாஃப்டையும் வைத்து அதில் தேடிப் பார்த்துவிடலாம்.

பழையதை வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று இப்போது சொல்கிறேன், இதில் அவசரப்படாதீர்கள். முதலில் ஃபேஸ். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து விரல் நகத்தால் மெதுவாகத் தடவுங்கள், மயிரிழை விரிசல் இருந்தால் நகத்தில் தட்டும். ஒரு நேரான அட்டையின் விளிம்பை ஃபேஸின் மேல் வைத்தால், நல்ல ஃபேஸ் நடுவில் லேசாகப் புடைத்திருக்கும், இரண்டு பக்கமும் இடைவெளி தெரியும். நடுவில் பள்ளமாக இருந்தால் வேண்டாம், அது உள்வாங்கிய ஃபேஸ். கிரவுனில் முன் ஓரத்தில் பெயிண்ட் பெயர்ந்திருப்பது பந்துக்கு அடியில் போய் மேல்விளிம்பில் பட்டதால் வருகிற வடு. பார்க்க நன்றாக இராது, ஆட்டத்தை ஒன்றும் செய்யாது, அதைக் காட்டி விலை குறைக்கச் சொல்லலாம். ஆனால் கிரவுனில் விரிசலோ அமுங்கலோ இருந்தால் கதை வேறு. ஹெட்டைக் காதருகே பிடித்து ஆட்டிப் பாருங்கள். உள்ளே கலகலவென்றால் பசைத் துண்டு ஒன்று உடைந்து உருண்டுகொண்டிருக்கலாம், பெரும்பாலும் ஆபத்தில்லை, சரி செய்யவும் முடியும், ஆனாலும் கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

அடுத்து ஷாஃப்ட். ஹோசலுக்கு மேலே ஒரு ஜாண் தூரம் மிக முக்கியம். பையில் மற்ற கிளப்புகள் உரசி உரசி அங்கே கோடு விழுந்திருக்கும், பெயிண்ட் மட்டும் போயிருந்தால் பரவாயில்லை, நார் தெரிகிற அளவுக்கு ஆழமாக இருந்தால் ஒருநாள் ஸ்விங்கின் நடுவில் முறியும். கிராஃபைட் முறிந்தால் ஹெட் பறந்து போகும், பக்கத்தில் நிற்பவருக்கு ஆபத்து. முன்பு வைத்திருந்தவர் ஷாஃப்டை மாற்றியிருக்கிறாரா, வெட்டியிருக்கிறாரா என்று கேளுங்கள், நீங்களே அளந்தும் பாருங்கள். ஹோசல் திருகு சுலபமாகக் கழன்று மறுபடி பிடிக்கிறதா என்று பாருங்கள், திறவுகோலும் ஹெட் கவரும் கூட வருமா என்று கேளுங்கள். ஷாஃப்ட் தனியாக வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம்: முனையில் இருக்கிற அடாப்டர் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. ஒரே கம்பெனிக்குள்ளும் மாறும், பிங்கில் ஜி30, ஜி, ஜி400 ஒரு வகை, ஜி410-இலிருந்து வேறு வகை. மலிவாகக் கிடைக்கிறது என்று ஷாஃப்டை வாங்கிவிட்டு ஹெட்டில் நுழையாமல் நிற்காதீர்கள். கிரிப் வழுவழுவென்று தேய்ந்திருந்தால் அதை மாற்றுகிற செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், தேய்ந்த கிரிப்பை இறுக்கிப் பிடித்தே பலர் தோளை விறைக்கவைத்துக்கொள்கிறார்கள்.

போலிகள் நிறைய நடமாடுகின்றன. பிரபலமான மாடல், புத்தம் புதிது, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை, விலை மட்டும் அடிமட்டம் என்றால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். எழுத்துகளின் பெயிண்ட் பிசிறடித்திருப்பது, சீரியல் எண் இல்லாமலோ ஒட்டிய ஸ்டிக்கராகவோ இருப்பது, கம்பெனி எப்போதுமே வெளியிடாத நிறம், இதெல்லாம் அடையாளங்கள். சில கம்பெனிகளே பழைய கிளப்புகளை வாங்கிச் சரிபார்த்து விற்கின்றன, காலவே இதற்கென்று தனியாகவே ஒரு விற்பனைப் பிரிவு நடத்துகிறது. கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் அங்கே அந்தப் பயம் இல்லை.

முடிந்தால் அடித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். லாஞ்ச் மானிட்டர் (பந்தின் வேகத்தையும் திசையையும் அளக்கிற கருவி) இருக்கிற இடம் என்றால் தூரம் காட்டுகிற எண்ணை மறந்துவிட்டு, பந்துகள் இடவலமாக எவ்வளவு சிதறுகின்றன என்று மட்டும் பாருங்கள். ரேஞ்ச் பந்துகளில் பல தேய்ந்தவை, சில வேண்டுமென்றே தூரம் குறைத்துச் செய்தவை, அவற்றை வைத்துத் தூரத்தை ஒப்பிடுவதில் பயனில்லை. முதல் சில அடிகளைக் கணக்கில் எடுக்காதீர்கள், உடம்பு சூடேறிய பிறகு அடிப்பதைப் பாருங்கள், களைத்த பிறகும் இன்னும் சில அடியுங்கள். களைத்த கையிலும் பந்தை ஓரளவு முன்னால் அனுப்புகிற டிரைவர்தான் பதினைந்தாவது ஹோலுக்கும் பதினாறாவது ஹோலுக்கும் துணைக்கு வரும். டீயின் உயரத்தையும் ஒரே மாதிரி வையுங்கள், கிளப்பைத் தரையில் வைத்தால் பந்தின் பாதி கிரவுனுக்கு மேலே தெரிய வேண்டும். சிலர் டீயைத் தாழ்வாக வைத்துவிட்டுப் பந்து எழும்பவில்லை என்று டிரைவரைக் குறை சொல்கிறார்கள்.

ஜி400 மேக்ஸ் யாருக்குச் சரிப்படாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெரிய, அகலமான ஹெட், பந்துக்குப் பின்னால் வைத்தால் நிறைய இடத்தை அடைத்துக்கொண்டு தெரியும். எனக்கு அது தைரியம் தருகிறது, சின்ன ஹெட்டைப் பார்த்துப் பழகியவர்களுக்குப் பிடிக்காமல் போகலாம். எடையை நகர்த்த முடியாது, அதனால் கடுமையான ஸ்லைஸ் இருப்பவர் அதே வரிசையில் வந்த ஜி400 எஸ்எஃப்டியைப் பார்ப்பது நல்லது. வேகமாகச் சுழற்றுகிற இளைஞர்களுக்குப் பந்து தேவைக்கு மேல் உயரலாம், அவர்கள் 9 டிகிரி ஹெட்டை ஸ்டிஃப் ஷாஃப்டோடு முயன்று பார்க்கட்டும். இடக்கை ஆட்டக்காரர்களுக்கும் இந்த மாடல் வந்தது, ஆனால் பழைய சந்தையில் இடக்கை கிளப் எதுவுமே அரிதாகத்தான் வரும். அவர்கள் ஒரு மாடலையே பிடித்துக்கொண்டு காத்திருக்காமல், மேலே சொன்ன பெயர்களில் எது முதலில் 10.5-இலோ 12-இலோ நல்ல நிலையில் கிடைக்கிறதோ அதை எடுத்துவிடலாம்.